பத்தடிதான் பிரச்சினை

ரோட்டரி என்ஜினைக் கண்டுபிடித்த ஃபெலிக்ஸ் வாங்கலிடம் கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ் இருந்ததில்லை. கிட்டப்பார்வை அவ்வளவு மோசம். 1902இல் ஜெர்மனியின் லார் ஊரில் பிறந்து 1988இல் மறைந்த அந்த மனிதருக்கு, தன் என்ஜின் பொருத்திய காரை வாசலிலிருந்து பத்தடி நகர்த்தி நிறுத்த வேண்டிய கட்டாயம் ஒருநாளும் வரவில்லை. இதை நினைத்து வயிறெரிகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் அதே ரோட்டரி என்ஜின் கொண்ட மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 கார் வைத்திருப்பவர்கள்.

என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957இல் ஓடிக்காட்டிய முதல் மாதிரியில் உள்ளே இருந்த ரோட்டரும் சுற்றியது, அதை மூடியிருந்த கூடும் சுற்றியது. பார்க்க அற்புதம். ஆனால் ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையே பிரித்துப் போட வேண்டும். ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர்தான் கூட்டை அசையாமல் நிறுத்தி, பிளக்கைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார். வாங்கலுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. தன் பந்தயக் குதிரையை ஏரில் பூட்டிவிட்டார்கள் என்று நொந்துகொண்டாராம். ஆர்.எக்ஸ்-8காரர்கள் காசு போட்டுப் பாஷ்கேவுக்கு ஒரு சிலையே வைக்கலாம். பிளக் கழற்றும் படலம் அவர்கள் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமானது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் அப்படி ஒருவர். பெயர் எதற்கு, ஆர்.எக்ஸ்-8காரர் என்றே வைத்துக்கொள்வோம். குளிர்காலக் காலை. மனைவியின் கார் உள்ளே, இவருடையது வாசலில் மறித்துக்கொண்டு. என்ஜினைக் கிளப்பினார், தெருவுக்குப் பின்வாங்கினார், மனைவி கையசைத்துவிட்டு வேலைக்குப் போனார், இவர் காரை மறுபடி உள்ளே விட்டு அணைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை.

மறுநாள் கார் கிளம்பவில்லை.

சாதாரண கார் கிளம்ப மறுக்கும்போது ஸ்டார்ட்டர் மூச்சுத் திணறும். ஏறி இறங்கும் ஓசையில் ஒரு முயற்சியாவது தெரியும். ஃப்ளட் ஆன, அதாவது உள்ளே பெட்ரோல் தேங்கிய, ரோட்டரி அப்படித் திணறாது. சர்ர்ர் என்று வழுக்கிக்கொண்டு, எதிர்ப்பே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றும். உள்ளே எதுவும் எதையும் அழுத்தவில்லை என்று பொருள். விவரம் தெரிந்தவர்கள் அந்த ஓசையைக் கேட்டதுமே கையிலிருக்கும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவார்கள்.

நடந்தது இதுதான். குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி பெட்ரோலைத் தாராளமாகவே விடும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கூடுதலாக ஊற்றினால்தான் எரிகிற அளவாவது தேறும். எல்லாக் கார்களிலும் இதே நடைமுறைதான். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் எரியாத மிச்சம் உள்ளேயே தங்கும். பிஸ்டன் என்ஜின் இதைப் பெரிதுபடுத்தாது. ரோட்டரி பெரிதுபடுத்தும். அதன் முக்கோண ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை உண்டு. கூட்டின் உள்சுவரை உரசியபடியே சுற்றிக் காற்று கசியாமல் காப்பது அதன் வேலை. அதற்கு ஓர் எண்ணெய்ப் படலம் வேண்டும். என்ஜின் ஆயிலையே துளித்துளியாக உள்ளே செலுத்த ஒரு பம்ப் இருப்பதும் இதற்காகத்தான். தேங்கிய பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடுகிறது. எண்ணெய் போனால் கம்ப்ரெஷன் போச்சு, கம்ப்ரெஷன் போனால் பற்றாது. பற்றவில்லையே என்று இவர் மறுபடி சாவியைத் திருப்ப, இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. பெட்ரோல் வரவில்லை என்று பஜாஜ் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து உதைத்த தலைமுறைக்கு இது தலைகீழ்க் கதை.

போதாக்குறைக்கு, ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் அதோடு இணைந்த என்ஜின் தண்டு மூன்று சுற்று முடித்துவிடும். ஸ்டார்ட்டர் தண்டை நிமிடத்துக்கு 250 தடவை சுற்றினால் ரோட்டருக்குக் கிடைப்பது 83 சுற்று சொச்சம். வேகமாகச் சுற்றினால்தான் சீல்கள் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுச் சுவரை இறுகப் பிடிக்கும். ஆக, உதவி தேவைப்படும் நேரத்தில்தான் அவை மிகவும் தளர்ந்திருக்கும். அரசு அலுவலகம் போல என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, விட்டுவிடலாம்.

இதே குடும்பத்து நான்கு ரோட்டர் என்ஜின்தான் 1991 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 787பி காரை வெல்ல வைத்தது. 362 சுற்று, ஏறக்குறைய 4,900 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் என்ற பெருமையும் சேர்ந்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிச் சுருண்டு விழுந்தார்; பரிசு மேடைக்கே அவரால் வர முடியவில்லை. என்ஜின் நலமாக இருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் விரட்டினால் மனிதன்தான் விழுகிறான். குப்பை வண்டிக்கு வழிவிட இருபது விநாடி ஓட்டினால் என்ஜின் விழுந்துவிடுகிறது.

வைத்தியம் படிப்படியானது. முதல் படி, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புவது. அப்படி மிதித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று உள்ளே போய் ஈரத்தை விரட்டும். பத்து விநாடி சுற்றி, நிறுத்தி, ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி சுற்ற வேண்டும். பெட்ரோல் அதிகமாகிவிட்டது, அதனால்தான் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கிறேன் என்று பக்கத்தில் நிற்கும் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள். மகளைக் கொடுத்த இடத்தைப் பற்றி அவர் யோசிக்கத் தொடங்குவார்.

இதற்குள் பாட்டரி களைத்திருக்கும். அடுத்த வீட்டுக் காரிலிருந்து கரண்ட் கடன் வாங்க வேண்டும்.

இரண்டாம் படியில் கை அழுக்காகும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, இடதுபக்க முன்சக்கரத்தைக் கழற்றினால் பிளக் இருக்கும் இடத்துக்குக் கை போகும். ஒரு ரோட்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு. கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இடம் மாற்றிப் போடக்கூடாது, ஒயர்களையும் மாற்றக்கூடாது. மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். விரலில் வழியும் பெட்ரோலில் அந்த எண் அழிந்துபோவது இயல்பு. கழற்றிய பிளக்கின் நுனி ஈரமாகப் பளபளக்கும். மோந்து பார்க்கத் தேவையில்லை, அது தானாகவே மூக்கைத் தேடி வரும். பிளக் இல்லாமல் என்ஜினைச் சுற்றினால் தேங்கியது ஓட்டை வழியே புஸ்ஸென்று பீய்ச்சும். அந்த நேரத்தில் எதிரே குனிந்து பார்ப்பவர்களுக்கும் பக்கத்தில் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொறுப்பேற்காது.

அடுத்து, கழுவிப்போன எண்ணெய்ப் படலத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு ரோட்டருக்கும் சிரிஞ்சில் கொஞ்சம் ஆயில். என்ஜின் ஆயிலே போதும் என்பது ஒரு கட்சி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான் கைகண்ட மருந்து என்பது இன்னொரு கட்சி. லீட்ஸ்காரர் இரண்டாவது கட்சி. உதிரிபாகக் கடையில் உங்கள் கார் மேனுவல் கியர் ஆயிற்றே என்றார்கள். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்சு யாருக்கு என்றார்கள். காருக்கு என்று உண்மையைச் சொன்னது நிலைமையைச் சீராக்கவில்லை.

நன்றாகத் துடைத்த பிளக்குகளை மாட்டி, ஃப்யூஸைப் போட்டு, சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு இருமல் வரும். பிறகு இன்னொன்று. சட்டென்று ஒரு ரோட்டர் பிடித்துக்கொள்ளும். அடுத்தது தயங்கித் தயங்கிச் சேரும். உள்ளே ஊற்றிய ஆயில் அத்தனையும் வெள்ளைப் புகையாகப் பின்னால் கிளம்பும். சும்மா சொல்லக்கூடாது, கொசு மருந்து வண்டி தோற்றுவிடும் அளவுக்கு. எதிர்வீட்டு மூதாட்டி ஜன்னலைத் திறந்து, தீயணைப்புக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டார். புகைக்குள் எங்கிருந்தோ வேண்டாம் என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த ஆனந்தம் அவருக்கு விளங்கியிருக்காது.

அதிலும் கிளம்பாவிட்டால், கட்டி இழுத்து ஓடவிட்டுக் கிளப்புவார்கள். அது கயிற்றையும் கல்யாண வாழ்க்கையையும் ஒருசேரச் சோதிக்கும் முறை.

ரோட்டரிக்காரர்களின் பொறுமைக்குப் பரம்பரை உண்டு. என்.எஸ்.யு. 1967இல் ரோ 80 என்ற காரை வெளியிட்டது. அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. சீல்கள் தேய்ந்து என்ஜின்கள் போனதில் நிறுவனம் வாரண்டிச் செலவிலேயே நொடித்தது. எதிரெதிரே கடக்கும் ரோ 80 ஓட்டுநர்கள் கையசைக்காமல் விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்று ஒரு கதை. இதுவரை எத்தனை என்ஜின் மாற்றியாயிற்று என்பதன் கணக்காம் அது.

மாஸ்டாவும் சும்மா இருக்கவில்லை. ஆர்.எக்ஸ்-8க்கு வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டர் வந்தது, குளிரில் பெட்ரோலை அளந்து விடும்படி மென்பொருள் திருத்தப்பட்டது, அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் என்ஜினுக்கு வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டிக்கப்பட்டது. பிற்காலக் கார்களில் தொல்லை குறைந்தது. ஆனால் 1.3 லிட்டரில் 9,000 சுற்றுவரை பாடும் என்ஜின் வேண்டும் என்றால் அந்த மெல்லிய சீல்களும் கூடவே வந்தாக வேண்டும்.

எனவே மாற வேண்டியவர் உரிமையாளர்தான். ஆர்.எக்ஸ்-8காரர் இப்போது காரை நகர்த்துவதில்லை. கிளப்பினால் இருபது நிமிடமாவது ஊர் சுற்றிவிட்டே திரும்புகிறார். மனைவியின் கார் வெளியே போக வேண்டுமென்றால் இவர் கிராமப்புறச் சாலைகளைப் பார்த்துவிட்டு வருவார். அணைப்பதற்கு முன் 3,000 சுற்றில் சில விநாடி வைத்து, அப்படியே சாவியைத் திருப்புகிறார். இதனால் பயன் உண்டா என்று மெக்கானிக்குகளே சண்டை போட்டுக்கொள்கிறார்கள், ஆனால் விளக்கேற்றிக் கும்பிடுவது மாதிரி ஒரு நிம்மதி. ஆண்டுக்கொருமுறை எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனைக்கு விடும்போது, கிளப்பினால் சூடேறாமல் அணைக்காதீர்கள் என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுகிறார். வாலே பார்க்கிங் இருக்கும் ஓட்டல்களுக்கு இவர்கள் குடும்பம் சாப்பிடப் போவதில்லை.

போன வருடம் விற்றுவிடலாம் என்று விளம்பரம் கொடுத்தார். வந்தவர் விஷயம் தெரிந்தவர். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, உடனே மறுபடி கிளப்பிப் பார்த்தார். கம்ப்ரெஷன் தளர்ந்த ரோட்டரி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். இவருடையது சுமாராக இருந்தாலும் மாட்டவில்லை. விலையும் கிட்டத்தட்டப் படிந்தது. நாளை மனைவியை அழைத்து வருகிறேன் என்று போனார். மறுநாள் காலை, என்ஜின் ஐஸாகக் குளிர்ந்திருந்த வேளையில், மனைவியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு எடுத்து விடுங்களேன், ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம்" என்றார் அந்த அம்மாள்.

ஆர்.எக்ஸ்-8காரர் இருவரையும் உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார், ஆளுக்கொரு கோப்பை தேநீர் கொடுத்தார், அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.