சைக்கிளுக்கு இடமில்லண்ணே

வருஷத்தில் ஒரு காலைப்பொழுது மதுரையில் சைக்கிளுக்கு ராஜமரியாதை நடக்கும். ஜூன் 3-ஐ உலக சைக்கிள் தினம் என்று 2018-ல் ஐ.நா. சபை அறிவித்து வைத்திருக்கிறது. அந்த வகையில் வந்த மரியாதை. மைதானத்து வாசலில் பலூன் கட்டுவார்கள். வெள்ளைத் தொப்பி கொடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த ஒரு பனியன் கொடுப்பார்கள். ஒல்லிப் பையனுக்கு அது முழங்கால் வரை தொங்கும், தடித்த வாத்தியாருக்குத் தொப்புளோடு நின்றுவிடும். கொடியசைக்க வேண்டியவர் முக்கால் மணி நேரம் தாமதமாகக் காரில் வந்து இறங்குவார். அவர் பேசி முடிக்கும்வரை, உள்ளே குளுமை குறையாமல் இருக்க, கார் உறுமிக்கொண்டே நிற்கும். அவருக்குப் பின்னால் ‘சுற்றுச்சூழல் காப்போம்’ என்று நூறு வருஷத்துக்கு மக்காத பிளெக்ஸ் பேனர்.

நான் பார்த்த ஒரு பேரணியில், கூத்து முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களை மினி லாரியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். “ஏன் சார், ஓட்டிக்கிட்டே போயிரலாமே?” என்று ஏற்பாட்டாளரைக் கேட்டேன். “டிராஃபிக் ஆரம்பிச்சிருச்சு சார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்றார். அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அன்று காலை அந்த மைதானத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

எனக்கும் சைக்கிளுக்கும் முப்பது வருஷப் பழக்கம். தெப்பக்குளத்திலிருந்து கிளம்பினால் காமராஜர் சாலை, கீழவாசல், விளக்குத்தூண் என்று ஊரின் வயிற்றுக்குள் நேராக இறங்கிவிடலாம். ஊர் சுற்ற, வாய்க்கு ருசியாகத் தின்ன, புதுப்புது மனிதர்களைப் பார்க்கச் சைக்கிளைப் போல வருமா என்று இப்போது காதில் ஒயர் மாட்டிய தம்பிகள் வீடியோ போடுகிறார்கள். சத்தியமான வார்த்தை. நானும் அதையேதான் சொல்வேன். ஒரே ஒரு திருத்தம்: மதுரையில் சைக்கிள்காரன் புது மனிதர்களை அதிகம் சந்திக்கும் இடம் எலும்பு முறிவு வார்டு. மத்திய அரசே அச்சடித்த கணக்கு இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நடந்து போய்ச் செத்தவர்கள் மட்டும் 32,825. சைக்கிளில் போய்ச் செத்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஆண்டுதோறும் இந்தக் கணக்கைத் தவறாமல் எடுத்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் எத்தனை பேர் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள், ஒரு ஆபீசிலும் பதில் இருக்காது. நம்மைக் கணக்கில் சேர்க்க நாம் செத்தாக வேண்டும்.

இத்தனைக்கும், சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த ஊர் இது. நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். மேடு பள்ளம் இல்லாத சமவெளி. 1840-களில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்துவிட்டார். அந்த நன்றிக்குத்தான் இன்றும் விளக்குத்தூண் நிற்கிறது. அவர் சுவரை எடுத்து வழி கொடுத்தார். நம்மவர்கள் இரும்புத் தடுப்பு, கட்சி வளைவு, மணல் குவியல், தோண்டிப் போட்ட குழாய், கழன்ற பாதாளச் சாக்கடை மூடி எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தச் சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கும் ஒரு தூண் வைக்கலாம். வைத்தால் அதையும் நடுரோட்டில்தான் வைப்பார்கள்.

2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டி ஆனது. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் இரண்டாவது பட்டியலில் நம் பெயர் வந்தது. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டமே கணக்கை முடித்துக்கொண்டது. இடையில் மாசி வீதிகளைத் தோண்டினார்கள், மூடினார்கள், மூடியதை மறுபடி தோண்டினார்கள். நடைபாதை போட்டார்கள், போட்ட மறுநாளே அதில் புல்லட்டும் ஸ்கூட்டியும் ஏறி நின்றுகொண்டன. காருக்கும் பைக்குக்கும் மட்டும் வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், மாடி வைத்துக் கட்டிடம் எழுப்பிக் கொடுத்தார்கள். கத்தரிக்காய் விற்ற இடத்தில் இன்று கார் தூங்குகிறது. வாடகை கொடுக்க வழியில்லாமல் ரோட்டோரம் படுத்திருக்கும் மனிதன் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். நான்கு மாசி வீதியிலும் சைக்கிளுக்கென்று ஒரு சாண் அகலக் கோடு இழுத்து நான் பார்த்ததில்லை. வெள்ளை பெயின்ட் தட்டுப்பாடு போலிருக்கிறது.

குழாய்க் குழியைப் பற்றி ஒரு வார்த்தை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டுவரும் திட்டம், 1,295 கோடி ரூபாய். தண்ணீர் வரட்டும், வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான். குழாய் புதைத்தவர்கள் குழியை மூடிய லட்சணத்தைத்தான் சொல்கிறேன். பாதி மூடிய குழி முழுக் குழியைவிட மோசம். முழுக் குழி கண்ணுக்குத் தெரியும். பாதி மூடியதில் மழைத் தண்ணீர் தேங்கிக் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும், ரசித்துக்கொண்டே விழலாம்.

பெரிய கனவுகளுக்கு மட்டும் இங்கே பஞ்சமே கிடையாது. வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க 2017-ல் தெர்மாகோல் மிதக்கவிட்ட மூளை நம் மாவட்டத்து மூளை. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 தேர்தலில் ‘இதுதான் எய்ம்ஸ்’ என்று ஒற்றைச் செங்கல்லை ஊர் ஊராகத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு கட்சி கல் நட்டது, இன்னொரு கட்சி கல் பிடுங்கியது, நோயாளி பஸ் பிடித்துப் போனார். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் மெட்ரோ ரயில், 11,368 கோடி ரூபாய் என்றார்கள். 2025 நவம்பரில் டெல்லி அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பியது: இருபது லட்சம் மக்கள்தொகை இல்லையாம். ஆக, மெட்ரோவுக்கு நாம் ஆள் பத்தாது. கோரிப்பாளையத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பார்த்தால், மூச்சு விடுவதற்கும் இடம் பத்தாது. அதே 2025-ல் மத்திய அரசு வெளியிட்ட தூய்மைப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு நாற்பதாவது இடம். நாற்பத்தி ஒன்று என்று ஒரு எண் பட்டியலில் இல்லாததால் தப்பித்தோம்.

போன மாதம் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“எங்கண்ணே?”

“உள்ளதான். சட்டை எடுக்கணும்.”

“நீங்க போங்கண்ணே. சைக்கிளை அங்கிட்டு ரோட்டுல போடுங்க. இங்கிட்டு சைக்கிளுக்கு இடமில்லண்ணே.”

“கார் நிக்குதே?”

“அது கஸ்டமர் வண்டிண்ணே.”

சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். அவர் சைக்கிளும் ரோட்டில்தான் மின்கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டு நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, “நான் பாத்துக்கிறேன், நீங்க போங்கண்ணே” என்றார். அந்தக் காலத்தில் நகராட்சி சைக்கிளுக்கு வரி வாங்கி, சின்னத் தகர வில்லை ஒன்று கொடுக்கும். வில்லை இல்லாவிட்டாலும், டைனமோ எரியாவிட்டாலும், டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடும். அப்போது அதைக் கொடுமை என்று திட்டினார்கள். இப்போது யோசித்தால், வரி வாங்கினான் என்றால் அதை ஒரு வண்டி என்று ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

சரி, வயிற்றுக்கு வருவோம். இந்த ஊரில் கோபம் எல்லாம் பசி எடுக்கும்வரைதான். காலையில் பருத்திப்பால், முள்ளுமுருங்கை வடை. மதியம் கறி தோசை. வெயில் தாழ்ந்தால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. இந்த மாதிரி கடைகளுக்கெல்லாம் சைக்கிளில் போனால்தான் நியாயம். காரில் போகிறவன் கடையை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் வடை தீர்ந்துவிடும். ஆனால் மதுரையின் அசல் சாப்பாடு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். தள்ளுவண்டி, தகர விளக்கு, துணியில் ஊற்றிய இட்லி, நாலு வகைச் சட்னி. பக்கத்து ஸ்டூலில் பஸ் டிரைவர், எதிரே பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர், ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வந்த பையன். யாரும் யாரிடமும் பேர் கேட்பதில்லை, எல்லாக் கதையும் வந்துவிடும்.

ஒரு ராத்திரி பத்தே முக்கால். ரெண்டாவது இட்லியில் கை வைத்தேன்.

“தம்பி, வெரசா தின்னுப்பா. போலீஸ் ஜீப்பு வர்ற நேரம்” என்றார் கடைக்கார அக்கா. பேசிக்கொண்டே சட்னிச் சட்டிகளை மூடினார்.

“அக்கா, இருபத்தி நாலு மணி நேரமும் கடை தொறக்கலாம்னு கவர்மென்டு உத்தரவே இருக்கே?”

“அந்த உத்தரவை நீயே ஜீப்புக்காரங்ககிட்டச் சொல்லு. நான் அடுப்பை அமத்துறேன்.”

வீட்டுக்கு வந்து தேடினேன். உத்தரவு உண்டு. 2019-ல் போட்டார்கள், 2022-ல் நீட்டித்தார்கள், 2025-ல் இன்னொரு தடவை நீட்டித்தார்கள். பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளுக்கு அது பொருந்தும். அக்கா கடையில் அக்கா, அக்கா மகன், ஒரு தூக்குவாளி. தெருவோர வியாபாரிகளைக் காப்பாற்ற 2014-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அது ராத்திரி பத்தே முக்காலுக்குத் தூங்கப் போய்விடும் போல. சுற்றுலா விளம்பரத்தில் பெருமையாகத் ‘தூங்கா நகரம்’ என்று அச்சடிக்கிறார்கள். தூங்காமல் இருப்பதற்கும் பத்து ஆள் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊரைவிட்டு வெளியே மிதிப்பேன். ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை வலப்பக்கம் படுத்திருக்கும், இடப்பக்கம் படுத்திருக்கும், எங்கே திரும்பினாலும் கூடவே வரும். 2010-ல் அதைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கப்போவதாக அரசு சொன்னது. மலையைவிடப் பெரிய சிற்பம் வேண்டும் போலிருக்கிறது. சுற்றியிருந்த கிராமத்துச் சனங்கள் மறித்ததால் மலை தப்பித்தது. மேலூர்ப் பக்கத்து மலைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கிரானைட் என்ற பேரில் சதுரம் சதுரமாக அறுத்துக் கப்பல் ஏற்றினார்கள். 2012-ல் கலெக்டராக இருந்த சகாயம் அனுப்பிய அறிக்கை, அரசுக்கு இழப்பு 16,338 கோடி ரூபாய் என்றது. அவரைத்தான் மாற்றினார்கள்.

அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தேன். கடைக்காரர் என் தோள்பையைப் பார்த்தார்.

“போட்டோ எடுக்கவாண்ணே வந்தீங்க?”

“சும்மா சுத்த வந்தேன்.”

“இங்கிட்டு வர்றவய்ங்க பூராம் குவாரிப் பள்ளத்துல நின்னு படம் எடுக்கிறாய்ங்க. தண்ணி பச்சையா, வெளிநாடு மாதிரி இருக்காம். எங்கப்பா ஆடு மேச்ச மலைண்ணே அது.” டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “இறங்கிராதீங்க. ஆழம் யாருக்கும் தெரியாது.”

அங்கிருந்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். தமிழி எழுத்து வெட்டிய குகை, குடைவரை சிவன் கோயில், மேலே வட்டமிடும் வல்லூறு. சரியாக ரெண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு டெல்லியில் ஏலம் விட்டுவிட்டார்கள். 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சனம் நடந்தே கிளம்பி வந்தது. அந்த மாதமே ஏலம் ரத்து. சனம் கிளம்பி வந்த அன்று நான்கு வழிச் சாலை முழுக்க மனிதர்கள் நிரம்பி நடந்தார்கள். ஒரு ஹாரனுக்கும் வேலை இல்லாமல் போனது. ரோடு யாருடையது என்று நான் நேரில் தெரிந்துகொண்டது அந்த ஒரு நாளில்தான்.

அடுத்த ஜூன் 3-க்குக் கொடியசைக்க வரப்போகிறவருக்கு ஒரு விண்ணப்பம். காலையில் மைதானத்துக்கு வர வேண்டாம், பலூனும் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோரிப்பாளையம் வாங்க. அங்கிருந்து சிம்மக்கல் வரை, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் முடிந்தது, ரெண்டு கிலோமீட்டர்கூட வராது. சைக்கிள் நான் தருகிறேன், காற்று அடித்துத்தான் வைத்திருக்கிறேன். முன் பிரேக் மட்டும் சரியாகப் பிடிக்காது. கேரியரில் நான் உட்கார்ந்து வழி சொல்கிறேன்.