புது வண்டி ஊர் வந்து சேரும் முறை

மதுரையில் எடுத்த புது மொபெட்டை டி. கல்லுப்பட்டிக்குக் கொண்டுவர 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சாலையும் ஒரு முழுப் பகலும் தேவை. சாலையைக் கடக்க ஒன்றரை மணி நேரம் போதும். மிச்சப் பகல் எங்கே போகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடலோர ஊர்களில் புது விசைப்படகைத் தண்ணீரில் இறக்கும் நாளில் பூசையும் மாலையும் உறவினர் கூட்டமும் அமர்க்களப்படும். கரிசல் காட்டில் படகுக்கு வழியில்லை. கண்மாயில் தண்ணீர் நின்றால் அதுவே பெரிய சேதி. ஆகவே படகுக்குரிய மரியாதை முழுவதும் இங்கே இரண்டு சக்கரத்துக்குக் கிடைத்துவிடுகிறது. அதிலும் காருக்கும் புல்லட்டுக்கும் கிடைப்பதைவிட மொபெட்டுக்குக் கிடைப்பது மனமாரக் கிடைப்பது. கார் எடுத்தவரைப் பார்த்து ஊர் கொஞ்சம் பொறாமைப்படும். மொபெட் எடுத்தவரைப் பார்த்து, நாளை இரவல் கேட்கலாம் என்று சந்தோஷப்படும்.

வண்டி பெரும்பாலும் டிவிஎஸ் தான். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழிலின் வழிவந்த நிறுவனம் ஓசூரிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 என்ற மொபெட்டை வெளியிட்டது. 49 சிசி எஞ்சின். மிதித்து ஸ்டார்ட் செய்ய சைக்கிள் போலவே பெடல். இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும்படி வந்த முதல் மொபெட் என்று அதற்குப் பெயர். இரண்டு பேர் என்பது ஓசூர்க் கணக்கு. கல்லுப்பட்டிக் கணக்கில் ஓட்டுகிறவர், பின்னால் மனைவி, இடையில் சின்னவன், முன்னால் நின்றபடி பெரியவன், காலடியில் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரில் இரண்டு பை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் காலம் முடிந்து, 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸெல் 100 வந்தது. எஞ்சின் மாறியதே தவிர, ஏற்றும் கணக்கு மாறவில்லை.

வண்டி எடுக்க முதலில் நாள் வேண்டும். ஆடியில் எடுப்பதில்லை. ஆனால் தள்ளுபடி ஆடியில்தான் வருகிறது. ஆடியில் விலை பேசி, முன்பணம் கட்டி, ஆவணி பிறந்ததும் வண்டியை எடுப்பது என்ற ஏற்பாட்டால் சாஸ்திரமும் தப்பித்தது, தள்ளுபடியும் தப்பித்தது.

கிழமையில் வெள்ளி விசேஷம். வெள்ளியில் ஒரு சங்கடம் உண்டு: பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். ஷோரூம் திறந்து, கூட்டிப் பெருக்கி, சாம்பிராணி போட்டு, கையெழுத்துக்கான தாள்களை எடுத்து வைக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். ஆதார் நகல் ஒன்று குறையும். நகல் எடுக்கப் போனவர் திரும்பும்போது பத்தே கால். இந்த இடத்தில் அனுபவசாலிகள் கையாளும் வழி ஒன்று உண்டு. தாள் முடியாவிட்டாலும், பெட்ரோல் இல்லாவிட்டாலும், பத்தரைக்குள் வண்டியை உருட்டிக்கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். பஞ்சாங்கத்தைப் பொறுத்தவரை வண்டி புறப்பட்டாகிவிட்டது. அதன்பின் பன்னிரண்டு மணிவரை குடும்பம் முழுவதும் நடைபாதையில் வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ராகுவிடமிருந்து அல்ல, அந்தப் பக்கமாக ரிவர்ஸ் எடுக்கும் லோடு ஆட்டோக்களிடமிருந்து அதைக் காக்க.

வாங்குகிறவர் தனியாக வருவதில்லை. மனைவி, பிள்ளைகள், சில சமயம் தாயார், இவர்களோடு வண்டி தெரிந்தவர் ஒருவர். இவர் மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார். சொந்தத்தில் முன்பு ஒரு வண்டி வைத்திருந்து விற்றவர் என்பதே இவருடைய தகுதி. ஏன் விற்றார் என்று யாரும் கேட்பதில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்துவது, ஹாரனை மூன்று முறை அடிப்பது, ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பது ஆகியவை இவர் செய்யும் பரிசோதனைகள். முடிவு எப்போதும் ஒன்றுதான்: “வண்டி பரவால்ல மாப்ள. கொஞ்சம் ஓடுனா செட்டாயிரும்.” பிறகு விற்பனைப் பையனிடம் திரும்புவார். சீட் கவர் உண்டா, ஹெல்மெட் ஒன்றா இரண்டா, சாவிக்கொத்தாவது நல்லதாகக் கொடு என்று அரை மணி நேரம் வாதாடுவார். கடைசியில் ஒரு சாவிக்கொத்து அதிகம் கிடைக்கும். அதை அவரே வைத்துக்கொள்வார்.

அட்டையில் செய்த பெரிய சாவியைக் குடும்பம் முழுவதும் பிடித்தபடி போட்டோ எடுத்தால் ஷோரூம் வேலை முடிந்தது. அந்தச் சாவி அங்கேயே இருக்கும். அடுத்த குடும்பம் காத்திருக்கிறது.

பழங்காநத்தம், பசுமலை தாண்டித் திருப்பரங்குன்றத்தில் முதல் நிறுத்தம். முருகன் சந்நிதிக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டில் சந்தனம், மீட்டர் கண்ணாடியில் குங்குமம், கைப்பிடியில் மாலை. குங்குமம் சரியாக வேகமுள் இருக்கும் இடத்தில் விழுவதால், அன்று முழுவதும் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று யாருக்கும் தெரியாது. புது எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமாவின் கனத்தால் அது தானாகவே நிறைவேறும். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். முன்சக்கரத்துப் பழம் நசுங்கும். பின்சக்கரத்துப் பழம் நழுவி ஓடும். ஓடிய பழத்தைப் பிடித்துவந்து மறுபடி வைத்து ஏற்றுவதா, ஒரு பழம் போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தாயார் உடன் வந்திருந்தால் பழம் பிடிக்கப்படும்.

மாலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பிடியில் தொங்கும் மாலை காற்றில் ஆடி முன்சக்கரத்துக் கம்பியில் சிக்கும். திருநகர் வருவதற்குள் சிக்கிவிடுவது வழக்கம். கழற்றிவிடலாம் என்று வாங்கியவர் சொல்வார். ஊருக்குள் போகும்போது மாலை இல்லாமல் எப்படி என்று மற்ற எல்லோரும் சொல்வார்கள். மாலை மூன்றாகச் சுற்றிக் கட்டப்படும். பாதி ரோஜா அங்கேயே சாலையில் கிடக்கும்.

கப்பலூர் சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் கிடையாது. நகராட்சிக்கு இவ்வளவு பக்கத்தில் சாவடியா என்று திருமங்கலத்துக் கார்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவரும் இடம் இது. ஓரத்து வழியில் ஒரு பைசா கொடுக்காமல் கடந்துபோகும்போது, மொபெட் எடுத்தது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்பதை வாங்கியவர் முதல்முறையாக உணர்கிறார். அன்று அவருக்குக் கிடைக்கும் கலப்பற்ற மகிழ்ச்சி இது ஒன்றுதான்.

திருமங்கலத்தில் நாற்கரச் சாலையை விட்டுப் பிரிந்து, ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம்வரை போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டும். இருபுறமும் கரிசல், நடுவே சீமைக் கருவேல், வெயில். வண்டி நிற்பது இந்தப் பகுதியில்.

நிற்பதற்குக் காரணம் பெட்ரோல். ஷோரூமில் ஊற்றித் தருவது பக்கத்து பங்க் வரை போவதற்கான அளவுதான். இது ஊரறிந்த விஷயம். ஆனால் பக்கத்து பங்க்கில் கூட்டமாக இருந்தது, அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். அடுத்த பங்க் எதிர்ப்பக்கம் இருந்தது. அதற்கடுத்ததைக் கடந்தபோது எல்லோரும் சுங்கச்சாவடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஒருமுறை இருமி, ஒருமுறை முனகி, நின்றுவிடும்.

அதன்பின் நடப்பதைக் கவனிக்க வேண்டும். புது வண்டியில் பெட்ரோல் தீரும் என்று ஒருவருக்கும் தோன்றாது. புது வண்டி என்பதாலேயே நோய் புதிதாக இருக்க வேண்டும் என்பது பொது நம்பிக்கை. பிளக்கில் கரி பிடித்திருக்கும் என்பார் மாமா. காலையில் பிறந்த வண்டியில் கரி எப்போது பிடித்தது என்ற கேள்வி எழாது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் நின்று பார்த்து, “ஏர் அடைச்சிருக்குப்பா” என்பார். பால் கேனோடு பழைய எக்ஸெல்லில் போகிறவர் நிறுத்தி இறங்கி, மிதித்து, மறுபடி மிதித்து, கார்புரேட்டர் என்று ஒரே சொல்லில் முடிப்பார். தாயார் மட்டும் அந்த இரண்டாவது எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசுவார். இருபது நிமிடம் கழித்து, இத்தனை நேரமும் ஓரமாக நின்ற சின்னவன் மூடியைத் திறந்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, “உள்ள சத்தமே வரலப்பா” என்பான்.

டேங்கின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கடைசிச் சொட்டுகளைக் குழாய்ப் பக்கம் வரவைக்க, வண்டியை ஒரு பக்கமாக ஏறக்குறைய படுக்கவைத்து எடுப்பது நாடறிந்த வைத்தியம். அது ஒரு கிலோமீட்டர் ஓடவைக்கும். மிச்சத்துக்குப் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் விற்கும் பெட்ரோல். விலை கடைக்காரர் முகத்தைப் பொறுத்தது. பழைய டிவிஎஸ் பிப்டியாக இருந்தால் பெடலை மிதித்தே பங்க் வரை போய்ச் சேரலாம். எஞ்சின் எத்தனையோ முன்னேறியிருக்கிறது. பெடலை எடுத்ததை முன்னேற்றம் என்று ஏற்கக் கரிசல் காட்டில் ஆள் குறைவு.

அடுத்து டி. குன்னத்தூர். 2021இல் எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் அங்கே கோயில் கட்டியிருக்கிறார்கள். நேரமாகிவிட்டதால் ஓடும் வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு.

கல்லுப்பட்டியில் காந்திநிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளில் அங்கேதான் வாழ்ந்தார். உழவுக்கு மாட்டை ஒதுக்கி டிராக்டரைக் கொண்டுவருவதை அவர் ஏற்கவில்லை. மாடு சாணம் போடும், டிராக்டர் போடாது என்பது அவர் வாதத்தில் ஒரு பகுதி. மொபெட்டைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று தெரிந்துகொள்ள முடியாது: அவர் மறைந்தது 1960, பிப்டி வந்தது 1980. இன்று அந்தச் சாலையில் நின்று பார்த்தால், பின்னால் மலைபோல் புல்லுக்கட்டு ஏற்றி மாட்டுக்குத் தீனி கொண்டுபோகும் எக்ஸெல்கள் வரிசையாகத் தெரியும். வண்டிதான் மாட்டுக்கு உழைக்கிறது. குமரப்பா அவ்வளவாகக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் நேராக வீட்டுக்குப் போவது மரபல்ல. சுற்றுவட்டாரத்து ஏழு ஊர்களும் சேர்ந்து முத்தாலம்மனுக்குச் சப்பரம் தூக்குகிற பகுதி இது. எதையும் சுற்றிக் காட்டித்தான் இறக்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் முதல் நிறுத்தம். டீக்காக அல்ல. அங்கேதான் விலை கேட்பார்கள்.

“எவ்வளவுக்குய்யா முடிச்ச?”

இதற்கு உண்மையான பதில் கிடையாது. ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, சீட் கவர் என்று ஐந்து தொகை உண்டு. பெருமைக்கு முழுத் தொகையைச் சொல்லலாம். கெட்டிக்காரத்தனத்துக்கு முதல் தொகையை மட்டும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், “விருதுநகர்ல எடுத்திருந்தா இதைவிடக் கம்மியா முடிஞ்சிருக்கும்ணே” என்று ஒருவர் சொல்வார். அவர் விருதுநகரில் எதையும் எடுத்தவர் அல்லர். அடுத்த கேள்வி மைலேஜ். வண்டி ஓடியதே அந்த ஒரு சாலைதான், அதிலும் பாதி உருட்டியது என்பதால் வாங்கியவர் திணறுவார். மாமா கூசாமல் ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பரவி, மறுபேச்சில்லாத உண்மையாகிவிடும்.

வீட்டு வாசலில் ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைச் சுற்றித் தெருமுனையில் ஊற்றுவார்கள். மாமா ஒரு பூசணிக்காயை உடைப்பார். சிதறிய துண்டில் அடுத்த வீட்டுக்காரர் சைக்கிள் வழுக்காமல் இருக்க உடனே ஒதுக்க வேண்டும்; யார் ஒதுக்குவது என்று முடிவாவதற்குள் ஆடு வந்து அந்த வேலையை முடிக்கும். சீட்டின் மேலிருக்கும் பாலித்தீன் உறையை மட்டும் யாரும் தொடக் கூடாது. வெயிலில் அது சுடும், வியர்க்கும், உட்கார்ந்தால் கிறீச்சிடும். ஆனாலும் அது இருக்கும்வரை வண்டி புதுசு. தீபாவளி வந்து போகும், பொங்கல் வந்து போகும். ஓரங்கள் கிழிந்து தொங்கும். உறை மட்டும் இருக்கும்.

அதன்பின் ரவுண்டு. “ஒரே ஒரு ரவுண்டுண்ணே” என்று முதலில் தம்பி முறைக்காரன் எடுப்பான். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், பிறகு பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி. மாமா தம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பிப் பேரையூர் வரைக்கும் போய்வருவார். வாங்கியவர் திண்ணையில் உட்கார்ந்து, தெருமுனையில் வண்டிச் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பார். சொந்த வண்டியை அன்று அவர் ஓட்டியது மற்றவர்கள் ஓட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரவு வண்டி வீடு திரும்பும்போது டேங்க் மறுபடி காலி. பழி மைலேஜின் மேல் விழும்.

மறுநாள் காலை வண்டியில் புல்லுக்கட்டு ஏறும். மாலை வாடிப்போயிருக்கும், கழற்றி மாட்டுக்கே போடுவார்கள். முதல் சர்வீஸுக்கு வண்டியைத் திரும்ப மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு நல்ல நாள் பார்ப்பதில்லை, மாமாவும் வருவதில்லை. முதல் சர்வீஸ் இலவசம். ஆயிலுக்குத் தனிக் காசு.