சிவப்பு ஆயில் வைத்தியர்

சிவப்பு ஆயில் வைத்தியர் மெக்கானிக் அல்ல; மெக்கானிக்கிடம் போகாமல் காலம் தள்ள வழி சொல்பவர். பழைய வண்டியின் இன்ஜின் சத்தம் போட்டாலும் சரி, புகை தள்ளினாலும் சரி, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தாலும் சரி, "அரை லிட்டர் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊத்துங்கண்ணே, அடங்கிரும்" என்பதுதான் அவர் எழுதித்தரும் ஒரே சீட்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்று தயாராகி, பவர் ஸ்டீயரிங்குக்கும் பயன்படுகிற மெல்லிய ஆயில் அது. டப்பாவில் ஏடிஎஃப் என்று அச்சிட்டிருக்கும். நிறம் ரத்தச் சிவப்பு. கசிந்தால் எது கசிகிறது என்று தெரிவதற்காகச் சேர்த்த சாயம்தான் அந்தச் சிவப்பு என்றாலும், மருந்துக்குரிய மரியாதையில் பாதி அதனால் வந்தது.

இந்த இனம் எந்த ஊர் வேன் ஸ்டாண்டிலும் உண்டு. ஆனால் ராமேஸ்வரம் தீவின் கிழக்குக் கோடியில், தனுஷ்கோடி மணலில், அதற்கு வாய்த்தது பொற்காலம். காரணம் ஒரு புயல். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி கடல் ஊரை எடுத்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கூடவே போனது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அதன்பின் தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுகொண்டது. அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறந்தது 2017 ஜூலையில். நடுவில் கிடந்த அந்த ஐம்பத்துச் சொச்சம் ஆண்டுகளில், இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் எச்சத்தையும் பார்க்க வருகிறவர்களுக்கு, மணலிலும் ஓதத் தண்ணீரிலும் இறங்கி ஏறுகிற பழைய வேனும் ஜீப்பும்தான் கதி.

அந்த வண்டிகளின் உடம்பை உப்புக்காற்று தின்றது. உயிரை மணல் தின்றது. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, ஃபர்ஸ்ட் கியரிலும் செகண்ட் கியரிலுமே மணிக்கணக்காக உறுமி ஓடினால், ரேடியேட்டர் கொதிக்கும், ஆயில் தண்ணீராக இளகும், ரிங் தேயும். "இன்ஜின் இறக்கணும்" என்று மெக்கானிக் சொல்வது ஒரு சீசன் வருமானத்தை எடுத்து வை என்று சொல்வதற்குச் சமம். அந்த வாக்கியத்துக்கும் அரை லிட்டர் டப்பாவின் விலைக்கும் இடையே இருக்கும் தூரத்தில்தான் வைத்தியர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் நோய் பார்க்கும் முறை தனி. ஓடுகிற இன்ஜினின் டேப்பட் கவர் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைப்பார். கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "மூணாவது சிலிண்டர் பேசுது" என்று கண்ணைத் திறப்பார். பிறகு டிப் ஸ்டிக்கை உருவி, முனையில் தொங்கும் கறுப்புச் சொட்டை விரலிடையில் தேய்த்து, முகர்ந்து, பனியன் வேஸ்ட்டில் துடைப்பார். குச்சியில் ஆயில் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கமாட்டார். அது டிரைவர் பார்க்கவேண்டிய விஷயம். டிரைவரோ அதை வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பார். அரையாக வெட்டிய தண்ணீர் பாட்டில் புனலாகும். சிவப்பு ஆயில் உள்ளே இறங்கும். வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின், "இப்ப கேளுங்க" என்பார். சத்தம் குறைந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றும். சில சமயம் உண்மையிலேயே குறைந்துமிருக்கும்: அடிக்கோட்டுக்கும் கீழே வற்றிக் கிடந்த இன்ஜினில் அரை லிட்டர் எந்த ஆயில் போயிருந்தாலும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

வைத்தியத்துக்கு ஆதாரமாக அவர் ஒரு தர்க்கம் வைத்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தால் உள்ளே பளபளவென்று இருக்குமாம்; ஆகவே இந்த ஆயிலுக்கு அழுக்கறுக்கும் குணம் உண்டாம். பளபளப்பு உண்மை, காரணம்தான் பொய். கியர்பாக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை. கரியும் இல்லை, புகையும் இல்லை. சமைக்காத வீட்டு அடுப்படி சுத்தமாக இருப்பதற்கு அந்த வீட்டுச் சோப்பைப் புகழ முடியாது. இன்ஜினுக்குள்ளோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வெடிப்பு. அதில் பிறக்கும் அமிலத்தை அடக்கவும் கரியைச் சுமக்கவும் வேண்டிய காரப்பொருளும் அழுக்கு நீக்கியும் இன்ஜின் ஆயிலில்தான் அதிகம்; சிவப்பு ஆயிலில் குறைவு. அதன் வேலையே வேறு: விசையைக் கடத்தவேண்டும், கிளட்ச் பிளேட் பிடிக்கும்போது பிடிக்கவும் வழுக்கும்போது வழுக்கவும் விடவேண்டும்.

வழுக்கவேண்டிய அந்த நேரத்துக்காக ஒரு காலத்தில் அமெரிக்காவில் அந்த ஆயிலோடு திமிங்கல எண்ணெய் கலந்தார்கள் என்பது வைத்தியருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மருந்தின் மகிமை இன்னும் ஏறியிருக்கும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் அது. அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் 1973ல் அங்கே வந்தபின் அது நின்று, ரசாயனக் கூட்டு அந்த இடத்துக்கு வந்தது.

டேப்பட் சத்தத்துக்குச் சிவப்பு ஆயில் என்ற யோசனையும் அந்தப் பக்கத்துச் சரக்கே. அங்கத்திய பெரிய கார்களில் டேப்பட் ஹைட்ராலிக். ஆயில் அழுத்தத்தால் தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். அதன் பொடித் துளையில் கசடு அடைத்தால் சத்தம் வரும், மெல்லிய ஆயில் போய் இளக்கினால் சில சமயம் நிற்கும். அம்பாஸடரிலும் பழைய ஜீப்பிலும் இருப்பது அந்த டேப்பட் அல்ல. அங்கே ஸ்க்ரூவைத் திருப்பி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து வைக்கவேண்டும். ஒரு மணி நேரத்து வேலை, இரண்டு சாவி போதும். ஆனால் அதில் ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஊற்ற ஒன்றுமில்லாத வைத்தியத்தை நோயாளி நம்புவதில்லை.

கெடுதல் மெதுவாக வரும். நன்றாகச் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது 20 டபிள்யூ 40 ஆயிலின் பிசுபிசுப்பு 12.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போகக்கூடாது. சிவப்பு ஆயிலுக்கு அது ஏழை ஒட்டித்தான். ஆயில் தேங்கும் சம்ப்பில் நாலில் ஒரு பங்கு அதுவானால் நாற்பது கிரேடு முப்பதாகிவிடும், அதுவும் மணலில். ஆயில் லைட் கண் சிமிட்டத் தொடங்கும். அதற்கும் வைத்தியரிடம் சிகிச்சை உண்டு: லைட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுவார். ஆயில் மாற்றுவதற்கு முன்பு சிவப்பு ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, வண்டியை நின்ற இடத்திலேயே சற்று ஓடவிட்டு, எல்லாவற்றையும் வடித்துவிடுவது ஒரு முறை. மெக்கானிக்குகள் டீசல் ஊற்றிக் கழுவுவதைவிட அது சாது. வைத்தியரின் நோயாளிகள் வடிப்பதில்லை. காசு கொடுத்து ஊற்றியதை யார் வடிப்பார்கள்?

வண்டி புரோக்கரும் இவரும் ஒன்றென்று சிலர் நினைப்பதுண்டு. அது பிழை. புரோக்கர் ஊற்றுவது கெட்டியான கியர் ஆயில். விற்று முடிக்கும்வரை இன்ஜின் வாயை மூடியிருந்தால் அவருக்குப் போதும். வைத்தியரோ தன் வேனுக்கும் சிவப்பு ஆயிலைத்தான் ஊற்றினார், மனதார நம்பி.

2017க்குப் பிறகு அவர் தொழில் படுத்துவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் சொந்தக் காரிலேயே அரிச்சல்முனை வளைவு வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். புதிய கார்களின் ஸ்டீயரிங்கோ மின்சாரத்தில் திரும்புகிறது. அதில் ஆயிலே கிடையாது. பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி தெரிகிறது, ஸ்க்ரூ டிரைவர் வைக்க இடமில்லை. மீன் ஏற்றும் பழைய வேன்கள் ஒன்றிரண்டு அவரை இன்னும் கைவிடவில்லை.

மிச்சப் பொழுதில் அவர் கரையில் ஃபைபர் படகின் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொடுக்கிறார். அங்கே ஆள் வேறு. குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவி, கோட்டை வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். கம்பெனி சீல் உடையாத இன்ஜின் ஆயில் டப்பாவைத்தான் திறக்கிறார், மணி கணக்குப் பார்த்து மாற்றச் சொல்கிறார்.

"ஏண்ணே, செவப்பு ஆயிலு ஒரு அரை லிட்டரு ஊத்துனா சத்தம் கொறையும்ல?" என்று படகுக்காரப் பையன் கேட்டால், கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கும் தலைமன்னார்ப் பக்கம் முகத்தைத் திருப்புகிறார்.

"வண்டி நின்னா எறங்கித் தள்ளலாம், தம்பி."