ஒத்தக் கொம்பு நந்தி

இன்னாடா நைனா, சாமி உன்ன வுட்டுத் தூரமாப் பூட்ட மாதிரி இருக்குதா? வெளக்கேத்துனாலும் மனசு ஒட்டலியா? சரி, நீ எங்க போய்த் தேடுன? செல்போன்லதான? அபிஷேகம் பாத்துக்கினே நடுவுல கிரிக்கெட் ஸ்கோரும் பாத்தா, நீ கன்னத்துல போட்டுக்கினது சாமிக்கா சிக்ஸருக்கான்னு அவருக்கே கொழப்பமா இருக்கும்.

அதுவும் பூண்டித் தண்ணி குடிக்கறவன் இந்தப் பேச்சு பேசலாமா? உங்க மெட்ராசுக்குத் தண்ணி வேணும்னு கொசஸ்தலை ஆத்த மறிச்சி, 1944ல ஏரி கட்டி முடிச்சாங்க. திருவெண்பாக்கத்துக் கோயிலு அந்த ஏரிக்குள்ள பூடுச்சி. அப்பறமா சாமியப் பூண்டியில வேற கோயில் கட்டிக் கொண்டாந்து வெச்சாங்க. நீ பல்லு தேய்க்கறதுக்காக ஈசுவரனே வூட்டக் காலி பண்ணிக்கினு நவுந்தாரு. நீ ஒரு திருவள்ளூர் பஸ்சு ஏற மாட்டேங்கற. தூரமாப் போனது யாருடா?

அந்த வெண்பாக்கத்து வாசல்ல ஒரு சண்ட நடந்துது, தெரியுமா? சுந்தரருக்குத் திருவாரூர்ல பரவை நாச்சியாரு இருக்கசொல்லவே, திருவொத்தியூர்ல சங்கிலி நாச்சியாரு மேல ஆச. 'உன்ன வுட்டுப் பிரிய மாட்டேன்'னு சத்தியம் பண்ணாதான் கல்யாணம். மனுசன் கில்லாடி. 'நா சன்னதியில சத்தியம் பண்ணசொல்ல, நீ கொஞ்சம் மகிழ மரத்தடிக்கு நவுந்துக்கோ'ன்னு சாமிகிட்டயே ஏற்பாடு. சாமி அதுக்கும் மேல கில்லாடி. பொண்ணு கனவுல போயி, 'மரத்தடியில சத்தியம் வாங்கு'ன்னு சொல்லிட்டாரு. மாட்டிக்கினாரு மாப்ள. அப்பறம் வசந்தம் வந்துது, திருவாரூர் நெனப்பும் வந்துது, கெளம்பிட்டாரு. ஒத்தியூர் எல்லையத் தாண்டுனதும் ரெண்டு கண்ணும் பூடுச்சி.

நீயா இருந்தா அங்கியே குந்திக்கினு, 'சாமிக்கும் எனக்கும் வுட்டுப் போச்சி'ன்னு ஸ்டேட்டஸ் போட்டிருப்ப. அவரு நடந்தாரு. முல்லைவாயில் போயி, அங்கேருந்து வெண்பாக்கம் வந்து, கடன் குடுத்தவன் கதவத் தட்டற மாதிரி, 'உள்ளதான் இருக்கியா?'ன்னு கேட்டாரு. 'இருக்கறோம், போய்க்கினே இரு'ன்னு உள்ளேருந்து கொரலு. கையில ஒரு ஊனுகோலு. அவ்ளோதான். கண்ணு கேட்டவருக்குக் கோலு! கோவத்துல அத்த வீசுனாரு, நந்தி மேல பட்டு வலது கொம்பு ஒடிஞ்சிதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. இன்னிக்கும் பூண்டி நந்திக்கு அந்தக் கொம்பு இல்ல. குருக்கள் அப்பால திரும்புன நேரமாப் பாத்து நா தடவியே பாத்திருக்கேன்.

கோவம் வந்துதேன்னு நடைய நிறுத்தலடா அவரு. ஆலங்காடு, காஞ்சிபுரம்னு போய்க்கினே இருந்தாரு, வழியெல்லாம் பாட்டாப் பாடிச் சாமியக் கேள்வி கேட்டுக்கினு. காஞ்சியில எடது கண்ணு வந்துது. பெரிய மனுசன், போதும்னு இருந்தாரா? திருவாரூர் வரைக்கும் போயி வலது கண்ணயும் வாங்குனாரு. ரெண்டயும் மொத்தமா வெண்பாக்கத்துலயே குடுத்திருந்தா, மறுபடி எந்த ஊர்ல சத்தியம் பண்ணக் கெளம்பிருப்பாரோ! சாமி தவணையிலதான் குடுப்பாரு. நீ ஒரு சூடத்தக் கொளுத்திட்டு, அது அணையறதுக்குள்ள எல்லாம் வூடு தேடி வரணுங்கற.

நாளைக்குப் போ. திருநீற வாங்கிப் பையில போட்டுக்கினு செருப்பப் பாக்க ஓடியாராத. எதிர்ல நில்லு. பக்தி வரலன்னா பரவால்ல, இருக்கற கடுப்போடயே நின்னு, உள்ள இருக்கியான்னு கேளு. திரும்பசொல்ல கரையில ஏரி மீனு வாங்கிக்கினு வா. திரும்பசொல்லன்னு சொன்னேன், போவசொல்ல இல்ல.

பதில் வரலன்னா சத்தமாவே திட்டு, குருக்களுக்கு நா சொல்லிக்கறேன். நந்தி பக்கம் மட்டும் கைய ஓங்காத. அதுகிட்ட மிச்சம் இருக்கறது ஒத்தக் கொம்புதான்.