வான்வாசம்

மட்டக்களப்பில் சொந்த வீடு உள்ளவர் வாவிக்கரையில் வானுக்குள் படுக்க வேண்டும். இதுதான் முன்னேற்றம். கனடாவிலிருந்து திரும்பிய நண்பர் அதற்காகவே ஒரு பழைய வோக்ஸ்வாகன் கொம்பி வாங்கினார். 1950இல் ஜெர்மன்காரன் செய்யத் தொடங்கிய அதே பாண் வடிவ வான்.

சின்ன வயதில் நாங்களும் பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, புளிச்சோற்றுச் சட்டி சகிதம் வாடகை வானில் கதிர்காமம் போனோம். அது பஞ்சம். பாய்க்குப் பதில் மடக்குக் கட்டில் போட்டால் சாகசம்.

கரோஜ் பாஸ் தகரத்தைத் தட்டினார். விரல் உள்ளே போனது. "நல்ல காற்றோட்டம், தம்பி."

சோலார் தகடு வந்தது, குட்டி சிங்க் வந்தது, சன்னலுக்குப் பூத்திரையும் வந்தது. எஞ்சின் சாமான் மட்டும் வரவில்லை. அதைத் தேடி நண்பர் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஏழு தரம் இரவு ரயிலில் போய்வந்தார். பொலன்னறுவை, கல்லோயா, மாகோ என்று நிலையங்கள் அவருக்கு மனப்பாடம். நாடு சுற்றத்தானே வான்!

போன பௌர்ணமிக்கு வெள்ளோட்டம். கல்லடிப் பாலம் வரை போனோம். ஆறு பேர் தள்ளினோம். எஞ்சின் இரைச்சலில் வாவியில் பாடும் மீனின் பாட்டுக் கேட்காதே என்றுதான் அதுவரை அவருக்குக் கவலை.