ஐந்து விநாடித் தண்டோரா

போன மாதம் என் எதிர் மேசைக்காரர் மூன்று நாள் கணக்கைத் தொலைத்தார். பேக்கப் ஏறவில்லை என்று மென்பொருள் சொல்லவில்லையா? சொன்னதாம். வலது பக்கம் கீழ்மூலையில், சாம்பல் பெட்டியில், அதைவிடக் கொஞ்சம் வெளுத்த சாம்பல் எழுத்தில். அந்த நேரம் பார்த்து அவர் டீ கிளாஸை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். உதவி எண்ணுக்குப் போன் போட்டால் பவ்யமாகக் கேட்கிறார்கள்: "அலர்ட் வந்திருக்குமே சார், நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லைதான். திரையின் மூலைக்கென்று மூன்றாவது கண் வைக்காத பிரம்மனைப் போய்க் கேளுங்கள்.

விண்டோஸில் இந்தப் பெட்டிக்கு 'டோஸ்ட்' என்று பெயர். மெஷினிலிருந்து துள்ளி எழும் ரொட்டி மாதிரி எழுகிறதாம். ரொட்டியாவது நாம் எடுக்கும்வரை நிற்கும். இது 5 விநாடியில் கம்பி நீட்டிவிடும். 5 நிமிடம் வரை நிற்க வைக்க வழி உண்டு. விண்டோஸ் 11இல் அதை அறிவிப்புகள் பக்கத்தில் தேடினால் நீங்கள் அப்பாவி. அணுகல்தன்மைக்குள் போய், காட்சி விளைவுகளைத் திறக்க வேண்டும். சத்தம் வரும்போது திரையைப் பளிச்சிட வைக்கும் வசதி? அது ஒலிப் பக்கத்தில். காது கேளாதவர் ஒலிப் பக்கத்தில் போய்த் துழாவட்டும்; எப்பேர்ப்பட்ட கரிசனம்!

சரி, கண்ணில் படுகிற மாதிரி சொல்லவே தெரியாத வெள்ளந்திகளா இந்த மைக்ரோசாஃப்ட்காரர்கள்? 2016இல் விண்டோஸ் 10ஐத் தலையில் கட்டியபோது எப்படிச் சொன்னார்கள்? பெட்டி திரை நடுவில் வந்து நின்றது. வேண்டாமென்று சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தினால், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அப்டேட்டுக்கு நாள் குறித்தது. மூடுவதற்கென்றே இருபது வருஷமாகப் பழகிய குறி அது! அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு டிவி வானிலை அறிக்கையின் நடுவிலேயே, மழை மேகப் படத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது அந்தப் பெட்டி. எல்லை மீறிவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் அப்போதைய சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவே அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டார். திருந்தினார்களா? அதற்குப் பிறகும் திரை முழுக்க வந்து, அதை வாங்கிக்கொள், இதை இணைத்துக்கொள் என்றார்கள். 'வேண்டாம்' என்ற பொத்தானே இல்லை. '3 நாள் கழித்து நினைவூட்டு' மட்டும். கந்துவட்டிக்காரன்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

ஆகவே தொழில்நுட்பக் கோளாறு என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். நம் நஷ்டத்தைக் காதோடு கிசுகிசுப்பார்கள். அவர்கள் வசூலுக்குத் தமுக்கடிப்பார்கள்.

எதிர் மேசைக்காரர் நேற்று அதே கணக்கு மென்பொருளைத் திறந்தார். மணிச் சத்தம். திரை நடுவில் ரத்தச் சிவப்பில் பெட்டி, உள்ளங்கை அகல எழுத்து, மூடும் குறி கிடையாது. சந்தாவைப் புதுப்பிக்க வேண்டுமாம்.

முடிய இன்னும் 40 நாள் இருக்கிறது.