எட்டு இறகுக் கழுகும் இரண்டேகால் ரூபாயும்

இந்த வாரம் முழுக்க அமெரிக்க வெள்ளி டாலர் கேள்விகள்தான். வெள்ளி விலை ஏறினால் பரணில் இருக்கும் டப்பாக்கள் எல்லாம் இறங்கிவிடுகின்றன.

கே: அமெரிக்காவில் இருந்த பெரியப்பா கொடுத்த 1921-ஆம் வருட வெள்ளி டாலர் ஒன்று என்னிடம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. விற்றால் வீடு கட்டலாமா? (வாசகர், திருச்சி)

ப: வீட்டுக்குக் காலிங் பெல் வாங்கலாம். 1921-இல் மட்டும் மூன்று நாணயச் சாலைகளில் சேர்த்து 8 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் மோர்கன் டாலர் அடித்துத் தள்ளினார்கள். எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. அதாவது சுத்த வெள்ளி 24 கிராம் சொச்சம். அதை இன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

ஆனால் ஒரு நிமிஷம், நாணயத்தைத் திருப்பிக் கழுகைப் பாருங்கள். சிறகை விரித்து நின்றால் மோர்கன். சிறகை மடக்கிப் பாறைமேல் உட்கார்ந்திருந்தால் அது பீஸ் டாலர். அதே 1921-இன் கடைசி நாட்களில் அடித்தது, மொத்தமே 10 லட்சம் சொச்சம்தான். அப்படியானால் காலிங் பெல்லோடு கதவையும் மாற்றலாம்.

கே: 1904-இல் நிறுத்திய மோர்கன் டாலரை 1921-இல் திடீரென்று இத்தனை கோடி அடிக்க என்ன அவசரம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: காரணம் நாம்தான் சார். முதல் உலகப் போர் சமயம். 1918-இல் இங்கே ஜனங்களுக்குக் காகித நோட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டது. 'நோட்டு வேண்டாம், வெள்ளி ரூபாயாகக் கொடு' என்று வரிசை கட்டினார்கள். நோட்டைக் கொண்டுவந்தால் வெள்ளி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த பிரிட்டிஷ் இந்திய அரசின் கஜானாவோ காலியாகிக்கொண்டிருந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் போய் நின்றது. அந்த ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. 27 கோடி வெள்ளி டாலர்கள் உலைக்குப் போயின. அதில் சுமார் 25 கோடியே 90 லட்சம் டாலரின் வெள்ளி, இந்திய ரூபாய்க்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது.

ஒரு டாலரை உருக்கினால் எத்தனை ரூபாய் தேறும்? நம் பழைய ரூபாயில் சுத்த வெள்ளி கிட்டத்தட்ட 10.7 கிராம். ஆக, ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய்! இன்றைய மாற்று விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் விடலாம். அந்த ரூபாய்களிலும் எத்தனையோ பிறகு ஆசாரி பட்டறைக்குப் போயின. உங்கள் கொள்ளுப்பாட்டியின் கொலுசில் நெவாடா மாநிலத்துச் சுரங்க வெள்ளி இருந்திருக்கலாம்.

அந்த நெவாடாவின் செனட்டர்தான் கீ பிட்மன். உலகத்துக்கு உபகாரம் செய்த கையோடு சொந்த ஊரையும் மறக்கவில்லை. உருக்கிய அளவு வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்தே அவுன்ஸுக்கு ஒரு டாலர் வீதம் வாங்கித் திரும்ப நாணயம் அடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார். பிறகு சந்தை விலை டாலருக்குக் கீழே சரிந்தும் அரசு அந்த விலைக்கே வாங்கியது. அந்த வெள்ளிதான் உங்கள் 1921.

சேகரிப்பவர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில். எந்த வருடத்து நாணயம் எத்தனை உருகியது என்று ஒருவரும் கணக்கு எழுதிவைக்கவில்லை. ஆகவே நாணயப் புத்தகத்தில் இருக்கும் எண்ணிக்கை, கல்யாணப் பத்திரிகை எத்தனை அச்சடித்தோம் என்பது மாதிரி. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதை அது சொல்லாது.

கே: அப்படியானால் 'மிக மிக அரிது' என்று வியாபாரி சொன்னால் நம்பலாமா? (வாசகி, கோவை)

ப: 'இன்று வரை அரிது' என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். 1903-இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் 44 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அடித்தார்கள். பிறகு ஆளையே காணோம். எல்லாம் உருகிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். புழங்காத நாணயம் ஒன்றுக்கு 1,500 டாலர் என்று பட்டியலில் விலை ஏறியது. 1962-இன் கடைசியில் கருவூலத்தின் பழைய பெட்டகம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே மூட்டை மூட்டையாக அதே நாணயம், மூட்டைக்கு ஆயிரம். விலை சில பத்து டாலருக்கு வந்து விழுந்தது. நேற்று வாங்கியவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்காது.

ரீனோ நகரத்து லவேர் ரெட்ஃபீல்டு என்ற பணக்காரர் 1974-இல் இறந்தபோது அவர் வீட்டு நிலவறையில் இருந்தது 4 லட்சத்துக்கும் மேல் வெள்ளி டாலர். 1976-இல் மொத்தமாக 73 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர்கள் விவரமானவர்கள். சந்தையில் ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். விலையும் நின்றது.

கே: டாலர் கறுத்துப்போய் அசிங்கமாக இருக்கிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, மயிலாடுதுறை)

ப: விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, தேய்க்கும் ஆசை வராமல் காப்பாற்றும்படி வேண்டிக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. நீல, ஊதா நிறம் படர்ந்து ஜொலிக்கும் டாலருக்குக் கூடுதலாகவே கொடுக்க ஆள் இருக்கிறது. தேய்த்தால் மேல்பரப்பில் மயிரிழைக் கீறல் விழும். அது லென்ஸுக்கு உடனே தெரியும். தரம் பார்க்கிறவர்கள் 1 முதல் 70 வரை மார்க் போடுகிறார்கள், தேய்த்த நாணயத்துக்கு மார்க்கே கிடையாது. மார்க்கில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1884-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த டாலர் கை பட்டுத் தேய்ந்திருந்தால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போகும். அடித்த மெருகு கலையாமல் இருந்தால் பல ஆயிரம் டாலர். உச்ச மார்க் வாங்கினால் லட்சங்கள்.

கே: ஓட்டை போட்டுச் செயினில் கோத்துக்கொள்ளலாமா? (மாணவர், மதுரை)

ப: 1921 மோர்கன் என்றால் தாராளமாக. மற்றவை என்றால் முதலில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், பிறகு டிரில்லை எடுங்கள்.

கே: 1893 எஸ் டாலர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கட்டுமா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: 'மலிவாக' என்ற இடத்திலேயே பதிலும் இருக்கிறது. 'எஸ்' என்றால் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது. புழக்கத்துக்கு அடித்த மோர்கன்களில் எண்ணிக்கை குறைந்தது அதுதான், ஒரு லட்சம். தேய்ந்து வழவழவென்று போனதே ஆயிரக்கணக்கில் விலை போகும். ஆகச் சிறந்த ஒன்று 2021-இல் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. அதனால் சாதாரண 1893 டாலரில் ஒரு 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்கும் கைவினைஞர்கள் உண்டு. எழுத்து இருக்க வேண்டிய இடம் கழுகுப் பக்கம், வளையத்துக்குக் கீழே, டாலர் என்ற சொல்லுக்குச் சற்று மேலே. அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பக்கத்தில் இருக்கும் அம்மாளின் தலைப்பட்டையில் லிபர்டி என்று செதுக்கியிருக்கும். அதில் சிலுவை போல நிற்கும் எழுத்தின் தலைக்கோட்டில் ஒரு மெல்லிய சாய்கோடு தூக்கலாகத் தெரிய வேண்டும். ஒரு லட்சத்தையும் முன்பக்கத்துக்கு ஒரே ஓர் அச்சில்தான் அடித்தார்கள், அந்தக் கோடு அச்சின் மச்சம். கூடவே ஒரு காந்தமும் சின்னத் தராசும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டினால் நீங்கள் ஒட்டாதீர்கள்.

கே: கழுகின் இறகை எண்ணுகிறார்களாமே! வேலை இல்லையா அவர்களுக்கு? (வாசகர், நெல்லை)

ப: இருக்கிறது, அதுதான் வேலை. 1878-இல் முதலில் வந்த மோர்கன் டாலரில் கழுகின் வாலில் எட்டு இறகு. அதுவரை அமெரிக்கக் கழுகுகளுக்கு ஒற்றைப்படை இறகுதான் வழக்கம் என்று சொல்லி ஏழாகக் குறைத்தார்கள். சில அச்சுகளில் எட்டின் மேலேயே ஏழைப் பதித்துவிட்டதால் பழைய இறகு நுனிகள் கீழே எட்டிப் பார்க்கும். மூன்றுக்கும் தனித்தனி விலை.

கே: டாலர்களிலேயே பெரிய மோசடி எது? (வாசகர், சேலம்)

ப: 1804. அந்தத் தேதியில் ஒன்றுகூட 1804-இல் அடிக்கப்படவில்லை. மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் ராஜாவுக்கும் பரிசு கொடுப்பதற்காக 1834-இல் அமெரிக்க அரசே பழைய தேதி போட்டு அடித்தது. பிற்பாடு நாணயச் சாலை ஊழியர்கள் தங்கள் பங்குக்குத் திருட்டுத்தனமாகச் சில அடித்தார்கள். ஒன்று 2021-இல் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. வெள்ளிக்காக வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கே: நண்பர் ஒருவர் 1964-ஆம் வருட பீஸ் டாலர் தருவதாகச் சொல்கிறார். உலகத்திலேயே இவரிடம் மட்டும்தானாம். (வாசகர், சென்னை)

ப: 1965-இல் டென்வரில் அந்தத் தேதியோடு 3,16,076 டாலர் அடித்து, வெளியே விடாமல் அத்தனையையும் உருக்கிவிட்டார்கள். தப்பிய ஒன்று இருந்தால் அது அமெரிக்க அரசின் சொத்து, கண்டால் பறிமுதல். ஆக நண்பர் தருவது ஒன்று போலி, இல்லையென்றால் போலீஸ்.